நாமக்கல் முறை, மூன்றாம் திருத்தம்

உலகத்தில் ஒழுங்கு என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர் சின்னுசாமிதான் காரணம். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டு, போனிலேயே ஆடுபுலி ஆடலாம் என்று 1981இல் கண்டுபிடித்த பெருமை அவருடையது. சேலம் கிளை மேனேஜர் அர்த்தநாரி எதிராளி. இரண்டு மேசையிலும் ஒரே மாதிரிக் கட்டம், பதினைந்து ஆடு, மூன்று புலி. நகர்த்தியதைப் போனில் சொல்ல வேண்டியது.

ஆனால் யாரோ எவரோ போனை எடுத்து, ஏதோ ஒரு முறைப்படி ஆட்டை நகர்த்திவிட்டால்? ஆகவே “இணைப்பு விதிகள்” பிறந்தன. கூப்பிடுபவர் முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். பிறகு ஆடுவது எந்த ஊர் முறை, அதில் எத்தனையாவது திருத்தம். எல்லாம் ஒத்துப்போனால்தான் இணைப்பு “செல்லும்”. அதுவரை காதில் விழும் எதுவும் பேச்சாகாது.

சேலத்தார் நாமக்கல் முறையின் இரண்டாம் திருத்தத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்த வழக்கிலேயே டிரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிடம் கரைந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் அம்மா லைனை வெட்டிவிடுவார். ஏழு மாதத்தில் ஓர் ஆடுகூட நகரவில்லை. ஒரு பிழையும் நேரவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆட்டையாம்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த சின்னுசாமியின் மனைவி பாவாயி (விதிகள் அவளுக்கும் மனப்பாடம்), கம்பெனி லாரியிலேயே ஏறி சேந்தமங்கலத்து வீட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. நான்கு மணிக்குப் போன் அடித்தது.

“ஏனுங்க, அர்த்தநாரி பேசறனுங்க. ராசப்பன் ஓட்டிட்டு வர்ற வண்டியை அங்கியே நிறுத்திப்போடுங்க!”

“எந்த முறைங்க?”

“அட, மெக்கானிக்கு பிரேக்குக் குழாயை இறுக்காம உட்டுட்டானுங்க! உங்க ஊட்டம்மா வேற அதுல வாராங்க!”

சின்னுசாமி புன்னகைத்தார். தோற்கப்போகிறவன் என்னென்ன கதை கட்டுவான் என்று அவருக்குத் தெரியாதா?

“எத்தனையாவது திருத்தம்னு சொல்லுங்க. அப்பறம் கேட்டுக்கறேன்.”

“மூணாவதுங்க! நீங்க சொல்றதேதானுங்க!”

“ஊரைச் சொல்லலீங்களே. மொதல்ல இருந்து வாங்க.”

லைன் வெட்டப்பட்டது.

அந்நேரம் லாரி ஆபீஸ் வாசலைக் கடந்தது. பாவாயி ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் ஆட்டினாள். நடுரோட்டில் இத்தனை பிரியமா என்று நெகிழ்ந்துபோன சின்னுசாமி, ரிசீவரைப் பிடித்த கையாலேயே பதிலுக்கு ஆட்டினார்.

சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு வைக்கோல் போருக்குள் புகுந்து லாரி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. செய்தி வந்தபோது சின்னுசாமி செருப்பைக்கூட மாட்டாமல் வாசல்வரை ஓடினார். ஆனாலும் திரும்பி வந்து, ஆட்டத்துக்கான மினிட் புத்தகத்தில் “விதிகள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டன” என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் பஸ் ஏறினார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

“ஆருங்க?”

“நாந்தான், பாவாயி.”

“எந்த ஊருங்க? எந்த முறைங்க? எத்தனையாவது திருத்தமுங்க?”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. “சேந்தமங்கலம்... நாமக்கல் முறை... மூணாவது திருத்தம். கதவைத் தொற, சாமி.”

தலைமுடியில் வைக்கோலோடு பாவாயி ஜன்னலுக்கு வந்தாள்.

“இந்த ஊட்டுல நாலாவதுங்க. பொண்டாட்டி ரெண்டு கையையும் ஆட்டுனா, எதுக்குன்னு மொதல்ல கேக்கோணும்.”

ஜன்னலும் சாத்தப்பட்டது.