கனா சாரின் ஒரே பிழை

பிள்ளைகள் காணும் கனாவில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தவர் உலகத்திலேயே எங்கள் கனா சார் ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மலாக்காவில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் காலம். புத்தகம் இல்லை, பென்சில் இல்லை, சோறும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு மட்டும் வேளை தவறாமல் வந்தது. சார் உஜோங் பாசிர் கடற்கரையிலிருந்து சைக்கிளில் மணல் கொண்டுவந்து பள்ளிக் கொட்டகையில் பரப்பினார். காலையில் வந்ததும், ராத்திரி கண்ட கனாவை எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிறகு அதை மணலில் விரலால் எழுத வேண்டும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் கனாவை உரக்க வாசிக்க வேண்டும். பேச்சு, எழுத்து, வாசிப்பு மூன்றும் ஆயிற்று.

"புத்தகம் இல்லன்னா என்னாடா? தூங்குனா ஆளுக்கு ஒண்ணு தானா வருதுல்ல?" என்பார்.

அவரே பாதித் தூக்கத்தில் நடமாடியவர்தான். ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பி, யோசனையிலேயே பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரை சைக்கிள் மிதித்துப் போய், வெறும் புல்வெளியைப் பார்த்து, "இன்னிக்கு ஏன் ஒரு பிள்ளையும் வரல?" என்று கேட்டாராம். ஓலைக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் சொட்ட, நாங்கள் கனாச் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் காலைகளில் பசிகூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

பிழை வந்தால் மட்டும் விழித்துக்கொள்வார். "ராத்திரி மலை பெய்தது" என்று நான் ஒருமுறை எழுதிவிட்டேன். "ஐயோ, பாறை விழுது! தலையப் பொத்துங்கடா!" என்று வகுப்பையே சுருண்டு படுக்க வைத்துவிட்டார். யார் தப்பாக வாசித்தாலும் கேட்கிறவர்கள் "தப்பு!" என்று கத்த வேண்டும், வாசிப்பது சாராகவே இருந்தாலும். அது வகுப்புச் சட்டம். சார் மாட்டியதே இல்லை.

அப்போதுதான் ஜப்பானிய அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் வந்தார். மலாக்கா செட்டி இளைஞர். வீட்டில் மலாய் பேசுகிறவர். தமிழ் கொஞ்சம் காதில் ஏறும், எழுத்து சுத்தமாகத் தெரியாது.

"சார், இனி செக்கோலாவுல தினம் கனா. துவான் ஆர்டர்." செக்கோலா என்றால் பள்ளி, துவான் என்றால் துரை.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க எப்பவோ ஆரம்பிச்சிட்டோமே, தம்பி!"

செட்டி இளைஞர் சொன்னது ஜப்பானிய எழுத்தை. அந்த எழுத்துக்கே கனா என்றுதான் பெயராம். எங்களுக்குத் தெரிந்த கனா தூங்கினால் வருவது. உத்தரவுக்கு முன்பே கனா நடத்தும் பள்ளி என்று சேதி போக, மெச்சிப் பார்க்க அதிகாரியே வந்துவிட்டார்.

"கனா?" என்றார்.

"கனா!" என்றோம் ஒரே குரலில். மணல் முழுக்கத் தமிழ்.

விஷயம் விளங்கியதும் சாரின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. என்னதான் எழுதியிருக்கிறது, வாசி என்று உத்தரவு. ஜப்பானுக்கு ஆகாத ஒரு வார்த்தை அகப்பட்டால் சாரை சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர் யாரும் அதுவரை திரும்பியதில்லை.

சார் வாசித்து மலாயில் சொல்ல, செட்டி இளைஞர் அதை ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் பிள்ளையின் கனா, சோறு. அடுத்தது, சோறு. என்னுடையது சோறும் மீன்குழம்பும். கடைசியில் வள்ளி. ஏழு வயது, அப்பாவை சயாமுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். அவள் எழுதியிருந்தது இதுதான்: 'ஜப்பான்காரர்கள் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். அப்பா வந்துவிட்டார்.'

ஒரு பிழை இல்லை. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "நான் ஒரு தட்டு சோறு தின்றேன்."

"தப்பு!" வள்ளி துள்ளி எழுந்தாள். "தப்பு சார்! நான் அப்படியா எழுதுனேன்?"

சட்டப்படி நாங்களும் கத்த வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என்னா தப்பு?" என்றார் செட்டி இளைஞர்.

"ஒரு தட்டுன்னு வாசிச்சிட்டேன் தம்பி. ரெண்டு தட்டாம்."

அது ஜப்பானிய மொழியில் போய்ச் சேர்ந்ததும் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை நிஜ கனா இருக்க வேண்டும் என்று மிரட்டிவிட்டுக் கார் ஏறினார்.

வள்ளி உம்மென்று நின்றாள். சார் அவள் மணலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கன்னத்தில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தது.

"தப்பாத்தான் வாசிச்சிட்டேன் கண்ணு. இப்ப கேளு." எழுத்து எழுத்தாக, மெதுவாக, இரண்டு வரியும் வாசித்தார்.

"இப்ப சரி சார்," என்றாள் அவள்.

பிறகு உள்ளங்கையால் முதல் வரியை மட்டும் அழித்தார். 'அப்பா வந்துவிட்டார்' மணலிலேயே இருந்தது. அன்று முழுக்க அவரும் நாங்களும் அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தோம். அப்படி ஒரு பைத்தியத்திடம் எழுத்துப் படிக்க நாங்கள் கொடுத்து வைத்திருந்தோம்.