எல்லோருக்கும் புதுச் சாவி

"நீங்க குடுத்த சாவியையும் துப்பிடுச்சும்மா," என்றார் போனில் பல் டாக்டர். "இங்க ஒருத்தர் வாயைப் பொளந்துகிட்டே உக்காந்திருக்காரு. எந்தப் பல்லுன்னு உங்க சாஃப்ட்வேருக்குத்தான் தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவமனைகளுக்கு விற்கும் அந்த மென்பொருள், ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி கேட்கும். அந்தச் சாவிகளை உருவாக்குபவள் அவள்தான். டாக்டர் கணினியில் ஏதோ பாகம் மாற்ற, பழைய சாவி செல்லவில்லை. மறுசாவி கேட்டுக்கொண்டே இருந்ததால் மென்பொருள் அவரைத் திருடனென்று முடிவுகட்டிவிட்டது. அந்தச் சந்தேகப் புத்தியும் அவள் எழுதியதே. தாழ்ப்பாள் இல்லாத அறையில் வளர்ந்தவளுக்குப் பூட்டின்மேல் ஒரு தனிப் பிரியம்.

"சார், பூட்டைக் கொஞ்சம் தளர்த்திடலாமா?" என்று முதலாளியிடம் கேட்டாள்.

"மூச்! பூட்டு பூட்டாத்தான் இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு. தளர்த்தினேன்னா நாளைக்கு வராதே."

"வீட்டுக்காரராலயே உள்ள போக முடியல சார்!"

"அவர் கவலை அவருக்கு."

இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு, சாவிகளுக்கு அடிப்படையான சூத்திரத்தையே மாற்றினாள். பல் டாக்டருக்குத் திறந்துகொண்டது. மற்ற எல்லோருக்கும் சாத்திக்கொண்டது.

எலும்பு டாக்டர் கூப்பிட்டார். தோல் டாக்டர் கூப்பிட்டார். காது டாக்டர் கத்திய கத்தலில் அவள் காதுதான் அடைத்தது. அத்தனை பேருக்கும் மொத்தமாகப் புதுச் சாவி உருவாக்கி அனுப்பினாள். அவசரத்தில் வரிசை ஒன்று நழுவி, ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் சாவி போய்ச் சேர்ந்தது.

"எனக்கு மாட்டு டாக்டர் சாவி வந்திருக்கு," என்றார் தோல் டாக்டர். "கிண்டலா?"

கண் மருத்துவமனையிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்களோ? பதறிப்போய் அவளே கூப்பிட்டாள். வரவேற்பு மேசைப் பெண் எடுத்தாள்.

"உங்களுக்கு நின்னுபோகலையாம்மா?"

"இல்லையே அக்கா, ஜம்முன்னு ஓடுது."

"சாவி?"

"எங்களோடது சாவியே கேக்காதே!"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. "எவன் உடைச்சுக் குடுத்தான்?"

"உடைக்கிறதா? சாவித் தொல்லை வேணாம்னா ரெட்டை விலைன்னு உங்க முதலாளிதான் குடுத்தாரு. உங்களைப் பத்திப் பெருமையா சொன்னாரு அக்கா, நீங்க வந்து பூட்டு போட்டப்புறம்தான் இந்தச் சாவியில்லாதது விக்கவே ஆரம்பிச்சுதாம்!"