பெரியப்பா காணாமல் போன வாரம்

தலையைத் தூக்கிப் பார்த்தபோது, பஸ் அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் வந்துவிட்டிருந்தது.

"ஏம்மா, நீ பூட்டுக் கம்பெனியில இறங்கறவதானே?" என்றார் கண்டக்டர்.

"ஆமா."

"அது போயி பத்து நிமிஷமாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?"

"ரெண்டு தடவை சொன்னேன். 'இருங்க, இன்னும் ரெண்டு பக்கம்தான்'னு நீதான் சொன்னே."

அப்படிச் சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருக்கக் கூடியவள்தான். அத்தியாயத்தின் நடுவில் புத்தகத்தை மூடுவது, பேசிக்கொண்டிருக்கிறவர் வாயைப் பொத்துவது மாதிரி அவளுக்கு.

இருபத்துமூன்று வயது. பல் தேய்க்க ஒரு புத்தகம், சாப்பிட ஒரு புத்தகம், பஸ்ஸுக்கு ஒரு புத்தகம் என்று எப்போதும் மூன்று ஓடிக்கொண்டிருக்கும். பல் தேய்க்கும் புத்தகம் ஒரு கையில் அடங்க வேண்டும். சாப்பாட்டுப் புத்தகம் ஏற்கெனவே படித்ததாக இருக்க வேண்டும். புதிதாகக் கொலை ஏதாவது விழுந்துவிட்டால் சாப்பாடு இறங்காது. பஸ் புத்தகம்தான் ராஜா. அது தடியாக இருக்க வேண்டும், குடும்பக் கதையாக இருக்க வேண்டும், அந்தக் குடும்பத்தில் குறைந்தது நாலு பேராவது ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க வேண்டும். பிடித்த அத்தியாயத்தை முடித்த கையோடு இன்னொரு தடவை படிப்பாள். அதனால் புத்தகம் நகராது. தங்கை அவளுக்கு வைத்திருந்த பெயர் 'புழு'.

இப்போது ஓடிக்கொண்டிருந்த பஸ் புத்தகம், லைப்ரரியில் எடுத்த மூன்று பாகக் குடும்ப நாவல் ஒன்றின் இரண்டாம் பாகம். அன்றைக்குப் பார்த்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வீட்டின் மூத்தவர், எல்லோருக்கும் பெரியப்பா, செருப்புகூடப் போடாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் எப்படி இறங்குவது?

ஓட்டமும் நடையுமாகக் கம்பெனி வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. அந்த மாதத்தில் மூன்றாவது தாமதம். மூன்று ஆகிவிட்டால் கையில் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளுடைய ஆறு மாத சோதனைக் காலம் அந்த மாதக் கடைசியில்தான் முடிகிறது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மேனேஜர் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

மேனேஜர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கம்பெனியில் கிடையாது. வேலையை விட்டுப் போனவர்களிலும் கிடையாது. ஒருமுறை பேக்கிங் மேஜை டிராயரில் ஒரு நாவலைக் கண்டுபிடித்து, 'இது கதை படிக்கும் இடம் அல்ல' என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியவர்.

"ஏன் லேட்?"

சொந்தமாகப் பொய் சொல்ல அவளுக்கு வராது. வாயைத் திறந்தாள். மண்டைக்குள் எது இருந்ததோ அது வந்தது.

"எங்க பெரியப்பா வீட்டை விட்டுப் போயிட்டார் சார்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்போ?"

"விடியக்காலையில சார். செருப்புகூடப் போடல."

"யார்கிட்டயும் சொல்லிக்காமலா?"

"சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு துண்டுச் சீட்டு இருந்துச்சு. 'தம்பி, நீ கேட்டது சரி'ன்னு எழுதியிருந்தார்."

"தம்பி என்ன கேட்டான்?"

"அது இன்னும் தெரியல சார்."

அது மட்டும் சத்தியமான வார்த்தை. அவள் படித்தது அதுவரைக்கும்தான்.

மேனேஜர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ஒன்பது மணி என்று போட்டார்.

"போ. தெரிஞ்சதும் சொல்லு."

தப்பித்தோம் என்று வெளியே வந்தாள். சாணியை மிதிக்காமல் தாண்டிவிட்டோம் என்று நினைத்தவன் சேற்றில் கால் வைத்த கதை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். அவள் மேஜைக்குப் பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி. இரண்டையும் போட்டுத் திறந்து, பூட்டி, சரியாக இருந்தால் சேர்த்துக் கட்டிப் பேக்கிங் மேஜைக்குத் தள்ள வேண்டும். அதுதான் அவள் வேலை. மேனேஜர் அந்தப் பக்கம் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"பெரியப்பா என்ன ஆனார்?"

இதோடு முடித்துவிடுவோம் என்று நினைத்தாள். "வந்துட்டார் சார்."

"வந்துட்டாரா! தனியாவா வந்தார்?"

பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தாள். "இல்ல சார். ஏழு வயசுல ஒரு பொண்ணைக் கையில பிடிச்சிக்கிட்டு வந்தார்."

சுற்றியிருந்த பன்னிரண்டு மேஜைகளிலும் சாவி திருப்பும் சத்தம் நின்றது.

"யாரு அந்தப் பொண்ணு?" மேனேஜர் குரல் தாழ்ந்திருந்தது.

"யாரும் கேட்கல சார். எல்லாரும் அப்படியே நிக்கறாங்க."

"யாரோட ஜாடை?"

"பெரியம்மா மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க சார்."

மேனேஜர் நீளமாக மூச்சு விட்டார்.

மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரோடும் அதிகம் பேசாதவள்.

"எங்க அப்பாவும் இப்படித்தான் போனார்," என்றாள். "பதினோரு வருஷமாச்சு. உங்க பெரியப்பா திரும்பி வந்துட்டார்னு கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. யார் கண்டா? இவரும் ஒரு நாள் வந்து நிக்கலாம் இல்ல?"

அவள் சாப்பாட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அதற்கு மேல் தாங்காது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெரியப்பா கிடையாது, பெண் கிடையாது, கடிகாரம்கூடக் கிடையாது, எல்லாம் புத்தகம்.

அக்கா கொஞ்ச நேரம் டப்பா மூடியையே திருகிக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்துல அவர் திரும்பி வந்தது நெசம்தானே?"

"நெசம்க்கா. இருநூத்து நாப்பதாம் பக்கம்."

"அப்ப சரி." மூடியை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "மேனேஜர்கிட்ட மட்டும் உளறி வைக்காதே. வேலை போயிடும்."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அப்பாவைத் தொலைத்தவளிடம் போய்க் கதை விட்டிருக்கிறோமே என்று ராத்திரி முழுக்க உறுத்தியது. புதன்கிழமை புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். வழியில் ஒரு பாலம் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். நேராக மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"அந்தப் பொண்ணோட அம்மாவைப் பத்தியா?"

"இல்ல சார், இந்த விஷயமே மொத்தமா..."

"மொத்தமா எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லக் கூடாதும்மா. வரிசையாச் சொல்லு. பெரியம்மா கதவைத் திறந்தாங்களா?"

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"திறந்தாங்களா, இல்லையா?"

அவர் கண்ணில் இருந்த தவிப்பைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா இரக்கமில்லை என்று பேசிக்கொண்டோம்?

"திறந்தாங்க சார்," என்றாள் பலவீனமாக. "அந்தப் பொண்ணுக்குத் தலை வாரி விட்டாங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வியாழக்கிழமை வேறு வழி தெரியாமல் பெரியப்பாவை ஒரேயடியாக அனுப்பிவிடப் பார்த்தாள். இது அவளே கட்டியது. புத்தகத்தில் இல்லை.

"பெரியப்பா அந்தப் பொண்ணோட வெளியூருக்கே போயிட்டார் சார். இனிமே வரமாட்டார். முடிஞ்சு போச்சு."

"அதெப்படி முடியும்?" மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "தலை வாரி விட்ட பொம்பளையை விட்டுட்டுப் போவாரா? அப்படிச் செய்யற ஆளா அவர்?"

"அது வந்து... போகலாம்னு கிளம்பினார் சார். போகல. வாசல்ல மயக்கம் போட்டு விழுந்துட்டார்."

"அப்ப வீட்லதான் இருக்கார். ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேன்."

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா மட்டும் அமைதியாகக் கேட்டார்.

"எனக்கு அண்ணனே கிடையாதேம்மா."

"தெரியும்ப்பா. நாளைக்கு ஒரு நாள் நீங்களே உங்க அண்ணனா இருந்துடுங்க."

"அப்ப நான் எங்கே போனேன்?"

"வெளியூர் போயிருக்கீங்க."

"எந்த ஊருக்கு?"

"கடவுளே! அது யாருப்பா கேக்கப் போறா?"

அப்பாவுக்கு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவர் சாயங்காலம் முழுக்கத் தெருக்கோடிவரை நடந்து நடந்து மனப்பாடம் செய்தார். பதினாறு வயதுத் தங்கைக்கு இரட்டைச் சடை போட்டுப் பார்த்தார்கள். ஏழு வயது ஆகவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இரட்டைச் சடை போட்ட மாதிரிதான் இருந்தது.

"வாயைத் திறக்காம குனிஞ்சே இரு," என்றாள் அவள்.

"புழு, இதுக்கு நீ எனக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கே."

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்குக் கம்பெனிக் கார் வாசலில் நின்றது. மேனேஜர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு இறங்கினார். பின்னாலேயே டிரைவர், பையைத் தூக்க வேண்டியதில்லை என்றாலும் தூக்குகிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

அப்பா கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சாதாரணமாக முனகத் தெரியாதவர். பல்வலிக்காரர் மாதிரி முனகினார்.

மேனேஜர் முதலில் தங்கையைப் பார்த்தார். "இதுதான் அந்தப் பொண்ணா? ஏழு வயசுன்னு சொன்னே?"

"வளர்ந்துட்டா சார்," என்றாள் அம்மா.

"அஞ்சு நாள்லயா?"

"எங்க குடும்பத்துல எல்லாரும் கொஞ்சம் சீக்கிரமா வளர்ந்துடுவாங்க சார்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பார்கள். மேனேஜர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியணும். உங்க தம்பி உங்ககிட்ட அப்படி என்னதான் கேட்டார்?"

தாளில் அது இல்லை. அவளே இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.

அப்பா அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"சைக்கிள்," என்றார்.

"என்னது?"

"என் சைக்கிளைக் கேட்டான் சார். பழைய சைக்கிள்தான். ரெண்டு டயரும் பஞ்சர்."

"அதுக்கா செருப்புகூடப் போடாம வீட்டை விட்டுப் போனீங்க?"

"சைக்கிளைத்தான் அவன் எடுத்துட்டுப் போயிட்டானே சார். நடந்துதானே போகணும்?"

"இருக்காது," என்றார் மேனேஜர்.

"சத்தியமா சார். பெடல்கூட ஒண்ணுதான் இருந்துச்சு."

"இருக்கவே இருக்காது. அவர் ஒரு சைக்கிளுக்காகப் போற ஆளில்ல. இருபது வருஷம் அந்தக் குடும்பத்தைத் தலையில தூக்கிச் சுமந்த மனுஷன்." மேனேஜர் எழுந்துவிட்டார். முகம் கறுத்துப் போயிருந்தது. அம்மா கொண்டு வந்த டீயைத் தொடவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, கட்டிலில் கிடந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "சைக்கிளாம்!" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் ஏறிக்கொண்டார்.

அம்மா தொடாத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பெடலைச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார் அப்பா, போர்வையை விலக்கிக்கொண்டு.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வேலை போய்விட்டது. நாளைக்குக் கையில் கடிதம் வரும். இரண்டே பக்கத்துக்கு ஆசைப்பட்டு வந்த வினை. அப்பாவைப் பார்க்கத்தான் அதிகப் பாவமாக இருந்தது. அறுபது வயதில், மகள் மானத்தைக் காப்பாற்ற, இல்லாத ஒரு அண்ணனாகப் படுத்துக் கிடந்திருக்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"விடும்மா," என்றார் அப்பா. "இந்த வேலை இல்லேன்னா வேற வேலை. புத்தகத்தை மட்டும் தூக்கிப் போட்டுடாதே. நேத்து அந்தத் தாளைப் படிச்சதுல இருந்து எனக்கே அந்தப் பெரியப்பாவை விட மனசு வரல."

அப்போது வாசலில் டிரைவர் தலையை நீட்டினார். மேனேஜர் மறந்துவிட்டுப் போன கண்ணாடிக் கூட்டை ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டார். காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவளருகே வந்து, ரகசியமாகச் சொன்னார்:

"அப்பா சொன்னதெல்லாம் வேணாமாம்மா, நாளைக்கு நீ எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லையாம், புத்தகத்துல இருக்கறபடியே சொல்லிடுவியாம். பாவம், சார் முதல் பாகத்தை முடிச்சுட்டு ஒன்றரை மாசமா லைப்ரரிக்கு நடையா நடக்கறாரு, ரெண்டாம் பாகம் உன் பேர்லயே இருக்குதாமே!"