அழ மறுத்த கைகேயி

"அழ முடியாது அண்ணாச்சி" என்றாள் விஜயஸ்ரீ.

ஞானசம்பந்தன் வசனத் தாளை மடக்கினார். பாளையங்கோட்டையில் அவர்கள் தெரு ஆண்டு விழாவுக்கு ராமாயண நாடகம் எழுதி நடத்துபவர் அவர்தான்.

"டீச்சர், கடைசியில கைகேயி அழுது மன்னிப்புக் கேட்டாத்தான் சனங்களுக்குப் பிடிக்கும்."

"எதுக்கு மன்னிப்பு? சண்டையில ராசா உசிரக் காப்பாத்தினா. அவரா வரம் தாரேன்னாரு. வாக்கை மறந்தவரு நல்லவரு, நெனப்பு வச்சிருந்து கேட்டவ சுயநலக்காரியா?"

அவள் கோபத்துக்குக் காரணம் அயோத்தியில் இல்லை, வீட்டில் இருந்தது. ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. விழா முடிந்த மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். "உன் வேலைக்குக் குறுக்க நிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்ட காந்திமதிநாதன், "வெள்ளனவே நீ பஸ் ஏறிட்டா வீட்டுல யாரு சோறு பொங்குவா?" என்று முடித்துவிட்டார். "சரியான கைகேயி" என்று பட்டமும் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் மகன் குமரவேல் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏம்மா இவ்வளவு சுயநலம்?" என்றான். கணவர் சொன்னதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. அந்த ஆத்திரத்தில், தெருவில் ஒருத்தரும் தொடாத வேஷத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞானசம்பந்தன் சமாதானத்துக்கு வழி தேடினார். பழி முழுவதையும் கூனி தலையில் கட்டி எழுதினார்.

"அப்ப எனக்குச் சொந்த புத்தி கிடையாதா?" என்றாள் விஜயஸ்ரீ.

"எல்லாக் காட்சியிலயும் என்னையத்தான் வையுதீங்க" என்று கூனியாக இருந்த ரீபா விலகிக்கொண்டாள்.

"அவ வசனத்தையும் நானே பேசிக்கிடுதேன்" என்றாள் விஜயஸ்ரீ. அடக்க நினைத்த பாத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது.

புருஷன் எதிரே நின்றால் வாய் குறையும் என்று நினைத்து, காந்திமதிநாதனைத் தசரதனாக்கினார் ஞானசம்பந்தன். ஒத்திகையில் தசரதன் மண்டியிட்டு, "கண்ணே, வேறு எது வேண்டுமானாலும் கேள்" என்று உருகினார்.

"ஆழ்வார்குறிச்சி" என்றாள் கைகேயி.

அதுவரை நாலு சுவருக்குள் இருந்த சண்டை தெரு முழுக்கப் பரவியது.

கடைசியாக ஞானசம்பந்தன் குமரவேலைப் பிடித்தார். "அம்மாவ எதித்துப் பேசிப் பழகுன பய நீதாம்லே. பரதன் வேஷம் உனக்குத்தான். வச்சு வாங்கிரு."

குமரவேல் ஒரே சாயங்காலத்தில் மனப்பாடம் செய்துவிட்டான். "நீ எனக்குத் தாயே இல்லை" என்று கூடத்தில் அவன் முழங்க, அடுப்படியில் விஜயஸ்ரீக்கு ஒரு தோசை கருகியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினாள்.

விழாவன்று தெரு நிறையக் கூட்டம். ராமன் காட்டுக்குப் போனான். தசரதன் உயிரை விட்டார். அவரைப் படுக்க வைத்து வேட்டியால் மூடினார்கள். பரதன் வந்து நின்றான். விஜயஸ்ரீ இப்போது அழ வேண்டும்.

அவள் அழவில்லை. மகனை நேராகப் பார்த்தாள்.

"அவரு தந்த வாக்கைத்தான் கேட்டேன். நீயாவது சொல்லுலே, நான் கேட்டது தப்பா?"

வேட்டிக்குள்ளிருந்து செத்த தசரதன் முணுமுணுத்தார். "அப்ப யாரு சோறு பொங்குவா?"

தலைமாட்டில் இருந்த மைக் அதைப் பிடித்துக்கொள்ள, ஒலிபெருக்கி தெருக்கோடி வரை கொண்டுபோனது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விஜயஸ்ரீயின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

"நீ எனக்குத் தாயே இல்லை... சொல்லுலே" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஞானசம்பந்தன் எடுத்துக் கொடுத்தார்.

குமரவேல் சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கிரீடத்தைக் கழற்றி அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தான்.

"அம்மா, நீ ஆழ்வார்குறிச்சிக்குப் போ. அயோத்தியில சோறு நான் பொங்குதேன்."