அரக்கன் பாலத்து ஆய்வறிக்கை

ரெட்ஸ்டோன், மேல் மிச்சிகன்
நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை

‘காப்பர் கரை வாரச் செய்தி’ ஆசிரியர் திருமதி பெர்னடெட் டொய்வோலா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும், போன வாரம் பனியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்ட உங்கள் நாயும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஆர்லீனும் நலம். என் வலது கட்டைவிரல் மட்டும் நலமில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை இதழுக்கு நான் எழுதித் தர வேண்டிய ‘சாம்பல் மகுடம்’ வீடியோ கேம் மதிப்புரை வராது என்று தெரிவிக்கவே இக்கடிதம். நேற்று போனில், “வெர்னன், எனக்குக் கட்டுரைகூட வேணாம், பத்துக்கு எத்தனைன்னு ஒரு நம்பர் சொல்லுங்க போதும், இல்லேன்னா அந்தப் பத்தியவே தூக்கிட்டு விளம்பரம் போட்டுருவேன்” என்றீர்கள். அந்த நம்பரை நான் தர மாட்டேன். இந்தக் கவுண்ட்டி நிர்வாகத்தில் முப்பத்தொரு வருஷம் பால ஆய்வாளராக இருந்தவன் நான். அக்கரை வரை என் காலால் நடந்து பார்க்காத எந்தப் பாலத்தையும் நல்ல பாலம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டதில்லை. கேமுக்கும் அதே விதிதான். எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும், பத்தியும் வேண்டும். ரிட்டையர் ஆன பிறகு என் கையெழுத்தைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அதை இழக்க எனக்கு மனசில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிடிவாதம் என்பீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மணிக்கட்டு உடைந்து கட்டுப் பிரித்த பிறகு, விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டதே நீங்கள்தான். எழுதுகிறவர்களுக்குக் கம்பெனி கேமை ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிடும், வெளியாகும் நாள் வரை அதைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை என்றீர்கள். சரி என்றேன். கதை எளிமையானது. வாள் தூக்கிய ஒரு பெண் மலைக்கோட்டைக்குப் போய்த் திருட்டுப்போன மகுடத்தை மீட்க வேண்டும். அந்தப் பெண் நான். முதல் நாள் ஓநாய்களை வெட்டினேன், சூனியக்காரியிடம் விளக்கு வாங்கினேன், மாலைக்குள் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு தொங்குபாலம். அக்கரையில் கோர்ம் என்கிற அரக்கன் உட்கார்ந்திருந்தான். அவனை நான் கவனிக்கவே இல்லை. பாலத்தைத்தான் பார்த்தேன்.

பெர்னடெட், என் வாழ்நாளில் அப்படி ஒரு பாலத்தைப் பார்த்ததில்லை. நடுவில் பதினான்கு பலகை உளுத்துக் கிடக்கிறது. இடப்பக்கக் கயிறு பாதி அறுந்திருக்கிறது. எவ்வளவு எடை தாங்கும் என்று ஓர் அறிவிப்புகூட எழுதி வைக்கவில்லை. நான் அதில் கால் வைக்கவில்லை. கடக்க வேறு இடம் இருக்கிறதா என்று ஒன்பது நாள் ஆற்றங்கரையோடு நடந்தேன், இல்லை. ஆர்லீன் சோபாவில் சாக்ஸ் பின்னிக்கொண்டே, “வெர்ன், அது பொம்மைப் பாலம். நீ விழுந்தா நான் என்ன ஆஸ்பத்திரிக்கா தூக்கிட்டு ஓடப் போறேன்?” என்று கேட்டாள். பொம்மையோ நிஜமோ, கோளாறைக் கண்டவன் எழுதி வைக்க வேண்டும். படம் வரைந்து, பலகைக்கு நம்பர் போட்டு, ‘அவசரம், உயிராபத்து’ என்று மேலே சிவப்பில் எழுதி, ஆறு பக்க அறிக்கையை மில்வாக்கியில் இருக்கிற அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் கேமில் ஒரு திருத்தம் வந்து இறங்கியது. போய்ப் பார்க்கிறேன், பாலம் முழுக்கப் புதுப் பலகை, புதுக் கயிறு. கவுண்ட்டியில் ஒரு கைப்பிடியை மாற்ற நான் மூன்று வருஷம் கடிதம் எழுதியிருக்கிறேன். இவர்கள் நாலே நாளில் செய்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆர்லீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் மனசிரங்கி ஏலக்காய் ரொட்டி சுட்டாள்.

அதற்குப் பிறகுதான் அரக்கனைக் கவனித்தேன். அவனும் என்னைக் கவனித்தான். இன்று காலை வரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை என்னைக் கொன்றிருக்கிறான். வாளால் வெட்டினால் சொறிந்துகொள்கிறான். அம்பு விட்டால் அதைப் பிடுங்கிப் பல் குத்துகிறான். இதில்தான் என் கட்டைவிரல் வீங்கியது. டாக்டர் கட்டை வைத்துக் கட்டினார், கட்டையோடு ஆடினேன், எண்பது தடவை கூடுதலாகச் செத்தேன். அடுப்பில் வைத்த இறைச்சிப் பணியாரம் கரியாகிப் புகை மணி அலறியபோது நான் பாலத்தின் நடுவில் இருந்தேன், எழுந்து போகவில்லை. சௌனா வெந்நீராவிக் குளியலறைக்கு விறகு போட மறந்து, ஆர்லீன் துண்டோடு போய் விறைத்துத் திரும்பி வந்து அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. போன சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கியதே, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் போகவில்லை. ஆர்லீனின் தம்பி ராண்டல் நான் செத்துவிட்டேனோ என்று வேட்டைக்கான ஆரஞ்சு சட்டையும் துப்பாக்கியுமாக வீட்டுக்கே வந்துவிட்டான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “அக்கா, இவருக்குச் சோறு ஒழுங்கா போடுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

இதில் எரிச்சல் என்னவென்றால், மற்ற மதிப்புரைக்காரர்கள். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ள கம்பெனி ஒரு குழு வைத்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேமை முடித்துவிட்டார்களாம். சிகாகோக்காரர் ஒருவர், “கோர்மா? ரெண்டு நிமிஷ வேலை சார். பாலத்துல ஏறி அவனைச் சீண்டிட்டுச் சும்மா திரும்பி இக்கரைக்கு ஓடி வாங்க” என்று எழுதுகிறார். ஓடி வந்து பார்த்தேன். அரக்கனும் பின்னாலேயே ஓடி வந்து இக்கரையில் வைத்து அடித்தான். முழுப் பொய். பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் ஆட்கள் எல்லாத் துறையிலும் உண்டு. ஆகவே சொல்கிறேன்: இன்றைய நிலையில் நம்பர் கேட்டால் பத்துக்கு இரண்டுதான், அந்த இரண்டும் பாலத்துக்கு. ஆனால் அதையும் இப்போது தர மாட்டேன். அவனை வீழ்த்தி, அக்கரையில் கால் வைத்து, அதற்குப் பிறகே கையெழுத்து. பனி கூரை வரை ஏறினாலும் சரி, மற்றக் கட்டைவிரலும் போனாலும் சரி.

உங்கள் அச்சு இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓடவும், நன்றிகூறும் திருநாளுக்கு உங்கள் பிள்ளைகள் சாலையில் பனியில்லாமல் வந்து சேரவும் வேண்டிக்கொள்கிறேன். ஆர்லீன் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
வெர்னன் காங்கஸ்
பால ஆய்வாளர் (ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மில்வாக்கியிலிருந்து போன் வந்தது. ஜோலின் ஸ்டாட்லர் என்ற பெண், கேமை உருவாக்கியவர்களில் தலைவி. “மிஸ்டர் காங்கஸ், உங்க அறிக்கை பிரமாதம். அதான் பிரச்சினையே,” என்றார். அந்தப் பலகைகளை அவர்கள் வேண்டுமென்றே உளுத்துப்போனதாக வைத்தார்களாம். அரக்கன் துரத்திக்கொண்டு வரும்போது அவன் கனம் தாங்காமல் உடைந்து அவன் பள்ளத்தில் விழ வேண்டும், அவனை ஒழிக்க வேறு வழியே கேமில் கிடையாது. போன மாதம் சேர்ந்த ஒரு பணியாளர் ‘உயிராபத்து’ என்று நான் எழுதியதைப் பார்த்துப் பயந்து, யாரையும் கேட்காமல் பழுது பார்த்துவிட்டார். சிகாகோக்காரர் பொய் சொல்லவில்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பழைய உளுத்த பாலத்தை ஒரு மணி நேரத்தில் எனக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

போனேன். அரக்கன் எழுந்து வந்தான். நான் இக்கரைப் பக்கத்துப் பலகைகளில் நின்றேன், அவன் உளுத்த பதினான்கு பலகைக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி நின்றான். ஆர்லீன் பின்னலைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். “ரெண்டடி பின்னால வா வெர்ன், அவன் விழுந்துருவான்.”

“தெரியும்,” என்றேன்.

“அப்புறம் என்ன? அரக்கன்தானே.”

“பாலத்து மேல நிக்கிறானே, ஆர்லீன்.”

பெர்னடெட், முப்பத்தொரு வருஷத்தில் என் பாலத்திலிருந்து ஒருத்தர்கூட விழுந்ததில்லை. அதைத் தவிர நான் பெருமைப்பட வேறொன்றும் இல்லை. என்னால் முடியவில்லை. அவனைத் திருப்பி அனுப்பும் வழி தெரியாமல் கேமை அப்படியே நிறுத்திவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை இதழில் என் மதிப்புரையாக இதை மட்டும் அச்சிடுங்கள்: ‘பாலம் மூடப்பட்டது. வெர்னன் காங்கஸ்.’ மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட அக்கரை போக வேண்டியதில்லை. ஓர் அரக்கனுக்காக என்னைப் பதற வைத்த கேமுக்கு நம்பர், பத்துக்கு ஒன்பது. எச்சரிக்கைப் பலகை வைக்காததற்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.