பெரியப்பாவின் நோட்டுக்கோல்

எருமப்பட்டி,
தாரண வருஷம், ஆவணி 12.

மேட்டூர் அணையும் அதன் ஆபீசைக் காக்கும் தாங்களும் எள்ளளவும் கசியாமல் நீடூழி நிற்க வேண்டிக்கொண்டு, மாமா மயில்சாமி அவர்கள் சமூகத்துக்கு அக்காள் மகன் சின்னுசாமி எழுதிக்கொண்டது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுப் புள்ளிப்பெட்டை ஒன்பது நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இன்று காலை ஒரு முட்டை இட்டது. தாயும் முட்டையும் நலம். முட்டை மத்தியானம் வரைக்கும்தான் நலம்.

நிற்க. நான் செய்த நோட்டுக்கோலில் ஒன்று அனுப்பினால் அணை ஆபீஸ் துரையிடம் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அனுப்பவில்லை. துரைக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் முழிக்கக்கூடாது என்பதால் முழுக்கதையும் எழுதுகிறேன்.

சென்னிமலைப் பெரியப்பாவுக்குப் பத்து வயதில் அம்மை வார்த்துக் கண் போனது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் நம் சந்தையில் அவருக்கு மிஞ்சிய மாட்டுத்தரகர் கிடையாது. பல்லைத் தடவி வயதைச் சொல்வார், முதுகைத் தடவிச் சுழியைச் சொல்வார். துண்டுக்கு அடியில் கைபிடித்து விரலால் விலை பேசுகிற தொழிலில் கண் எதற்கு? அங்கே கண்ணுள்ளவனும் குருடன்தான். வெள்ளி ரூபாய் இருந்தவரை அவரை ஏமாற்ற ஒருவன் பிறக்கவில்லை, கல்லில் சுண்டினால் ரூபாயே தன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். யுத்தம் வந்ததும் வெள்ளி ஓடி ஒளிந்தது, காகித ரூபாய் வந்தது. நோட்டு வந்தது, நோட்டம் போனது. ஐந்து ரூபாய் என்று சொல்லி இரண்டு ரூபாய் நோட்டைக் கையில் வைத்த முதல் ஆள் நம் பங்காளிதான். கேட்டதற்கு, இருட்டில் தெரியவில்லை என்றான். சந்தை கூடுவது காலை பத்து மணிக்கு. அதற்குப் பிறகு பெரியப்பா எந்த நோட்டு வந்தாலும் போகிறவர் வருகிறவர் இரண்டு பேரைத் தனித்தனியாக நிறுத்திக் காட்டிக் கேட்டுத்தான் மடியில் வைப்பார். சிரிக்காமல் பதில் சொன்னவர்கள் குறைவு.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று நோட்டு ஏற ஏற நீளமும் ஏறுகிறது அல்லவா? ஒரு மூங்கில் சிம்பைச் சீவி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு வெட்டுப் போட்டேன். நோட்டைக் கோல்மேல் வைத்து ஓரம் எந்த வெட்டில் முடிகிறதென்று விரலால் தடவினால் தீர்ந்தது. பெரியப்பா அரை நாழிகையில் பழகிக்கொண்டு, "இனி ஒருத்தங்கிட்டயும் கேக்க வேண்டியதில்லடா கண்ணு" என்றார். எனக்கு ராவ்சாகிப் பட்டம் கொடுக்காதது சர்க்காரின் தவறு.

ஆடிக் கடைசிச் சந்தையில் கிழக்குத்தெருப் பெருமாயி தன் ஒற்றைக்காளையைப் பெரியப்பா கையில் பிடித்துக் கொடுத்தாள். புருஷன் இல்லாதவள், மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தாள். யாரோ வெளியூர்க்காரன் துண்டுக்குள் எழுபது ரூபாய்க்கு விரலை அமுக்கினான். ஏழு பத்து ரூபாய் நோட்டுகளைத் துண்டுக்குள்ளேயே கொடுத்தான். பெரியப்பா ஒவ்வொன்றாகக் கோலில் வைத்துப் பார்த்தார். ஏழும் பத்துதான். காளை போய்விட்டது. பெருமாயி நோட்டை வாங்கி வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்:

"ஏனுங்க, நாலுல ராசா தலையக் காணோமுங்களே?"

நாலும் யுத்தநிதி நோட்டீசைப் பத்து ரூபாய் அளவுக்கு வெட்டிய காகிதம். மாமா, பள்ளிக்கூடத்தில் எழுதக் காகிதம் இல்லை, கடையில் பொட்டலம் கட்டக் காகிதம் இல்லை. குருடனை ஏமாற்ற மட்டும் எங்கிருந்தோ காகிதம் கிடைத்துவிடுகிறது.

பெரியப்பா அந்த நாலையும் வாங்கித் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "விரலுக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு சாமி. கோலு பத்துன்னு சொல்லிருச்சு" என்றார். கோலின்மேல் என்ன தப்பு? நீளம் கேட்டார், நீளம் சொன்னது.

இனி ஊர் நியாயத்தைக் கேளுங்கள். வெளியூர்க்காரனைத் தேடி ஒருவரும் செருப்பை மாட்டவில்லை. குருடனுக்குத் தரகு எதற்கு என்றார் ஒருவர். அவனுக்கும் இவருக்கும் பங்கு இருக்கும் என்றார் இன்னொருவர். அவர்தான் இருட்டில் தெரியாமல் போன பங்காளி. பெரியப்பா தன் கறவை எருமையை விற்று நாற்பது ரூபாயைப் பெருமாயி கையில் வைத்தார். அந்தப் பணத்தை மட்டும் என்னை வைத்து எண்ணச் சொன்னார். கல்யாணம் நடக்கும். ஆனால் அதன் பிறகு இரண்டு சந்தை ஆகிவிட்டது. பெரியப்பா விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நிற்கிறார். துண்டுக்குள் கை நீட்ட ஒருவரும் வருவதில்லை. பொழுது சாய்ந்ததும், "இன்னைக்கு மாடு வரத்துக் கம்மிதான் போல" என்று என்னிடம் சொல்கிறார். சுற்றிலும் இருநூறு மாடு கத்துகிறது. நானும் ஆமாங்க என்கிறேன்.

ஆகையால், கண்டுபிடிப்பில் குற்றமில்லை, ஊரில்தான் குற்றம் என்று துரையிடம் சொல்லவும். அத்தைக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு குட்டு. தங்கள் சம்பளம் நோட்டின் நீளத்தைப்போல ஏறிக்கொண்டே போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
சின்னுசாமி

பின்குறிப்பு: ஒன்றை எழுத விட்டுப்போயிற்று. விட்டுப்போகவில்லை, விட்டேன். பெரியப்பாவுக்குச் செய்தது போக இன்னும் பதினொரு கோல் செய்து, கோல் ஒன்று ஓரணா என்று சந்தையில் விற்றேன். இதை வைத்து எங்கள் பெரியப்பா யாரையும் கேட்காமல் நோட்டு வாங்குகிறார் என்று கத்திக் கத்தித்தான் விற்றேன். ஒரு வெளியூர்க்காரன் மட்டும், நீளம் பார்த்தால் போதுமா, வேறொன்றும் பார்க்கமாட்டாரா என்று கேட்டான். போதும் என்றேன். இத்தனை பேரில் இவன் ஒருவனுக்குத்தான் அறிவு இருக்கிறதென்று சந்தோஷப்பட்டு, அவனிடம் காசுகூட வாங்கவில்லை. வாங்கிய பதினொரு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும். கண் தெரிகிறவனுக்குக் கோல் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பெரியப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஒரு நடை வந்து சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும். வருகிற தேதியை முன்னாலேயே எழுதுங்கள், அன்றைக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன்.