கீழ்வீட்டுக்காரரின் நூற்று அறுபத்திரண்டு வருடங்கள்

சற்குணத்துக்கு நூற்று அறுபத்திரண்டு வருடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து சிவானந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

விசயம் தெரியவந்தது மனோர் பார்க் முருகன் கோயிலில். அன்னதான வரிசையில் முன்னால் நின்ற சற்குணம், சாம்பாரை வாங்கிக்கொண்டு திரும்பி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அண்ணை, எனக்கும் லீஸ் கூட்டியாச்சு. நூற்றி அறுபத்திரண்டு வருஷம்."

"நல்ல விசயம்" என்றார் சிவானந்தன். அதற்குப் பிறகு பாயசம் வேண்டாம் என்றார். அவர் பாயசம் வேண்டாம் என்று சொன்னதை அந்தக் கோயிலில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இலண்டனில் பிளாட் வாங்குகிறவர் மண்ணை வாங்குவதில்லை. மண் வேறு யாருக்கோ சொந்தம். நாம் காசு கொடுத்து வாங்குவதெல்லாம் லீஸ் என்கிற குத்தகை வருடங்களைத்தான். அந்த வருடங்கள் முடிந்தால் வீடு மண்ணுக்காரனிடம் திரும்பிப் போய்விடும். எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் கூட்டுகிற செலவும் ஏறும், விற்கப் போனால் வாங்க வந்தவரின் முகமும் சுருங்கும்.

ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த கட்டடம் அது. கீழே சற்குணம், மேலே சிவானந்தன். இரண்டு பிளாட்டுக்கும் லீஸ் ஒரே நாளில் எழுதப்பட்டது. சிவானந்தனின் கணக்குப்படி தனக்கு மிச்சம் எழுபத்திரண்டு.

இத்தனைக்கும் அந்தத் தெருவுக்கு முதலில் வந்தவர் அவர்தான். சற்குணம் ஜேர்மனியில் இருந்துவிட்டு நேற்று வந்தவர். நேற்று என்றால் ஒரு பன்னிரண்டு வருடம் இருக்கும். பொறாமைக்குக் கலண்டர் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவி கனகாம்பிகையிடம் கொட்டினார். அவள் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"கீழ நூற்றி அறுபத்திரண்டாம். எங்களுக்கு எழுபத்திரண்டு."

"எழுபத்திரண்டெண்டு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? எனக்குக் கணக்குத் தெரியாதோ?"

"உங்களுக்கு இப்ப அறுபத்துமூண்டு வயசு. இன்னும் எழுபத்திரண்டு வருஷம் இருக்கப் போறியளோ?"

"அதில்லைக் கதை. அந்தாள் என்னைவிடத் தொண்ணூறு வருஷம் கூட இருக்கப் போகுது."

"அந்த அண்ணைக்குச் சுகரும் பிறஷரும் இருக்கு."

"லீஸுக்குச் சுகர் இல்லைத்தானே."

கனகாம்பிகை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லட்டே..."

"மெல்லக் கதையும். கீழ கேக்கும்" என்று சிவானந்தன் தரையைக் காட்டினார். "இந்த விசயம் முடியுமட்டும் இந்த வீட்டில லீஸைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. கண்ணூறு பட்டிடும். நீரும்தான்."

"நானும்தானோ?"

"நீர்தான் முக்கியமா."

"சரி, திறக்கேல்லை" என்று அவள் மறுபடி மாவுக்குள் கையை வைத்தாள்.

உண்மையில் வீடு அவள் பேரில்தான் இருந்தது. வாங்கிய காலத்தில் சிவானந்தனுக்கு ஏழரைச் சனி. அவர் பேரில் ஒரு கோழிக்கூடுகூட வாங்கக் கூடாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். சனி போன பிறகு பெயரை மாற்ற வேண்டும் என்பதைச் சிவானந்தன் மறந்துபோனார். ஆனால் வீடு தன்னுடையது என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

மறுநாள், தவறி மேலே வந்துவிட்ட ஒரு பார்சலைக் கொடுக்கிற சாட்டில் கீழே இறங்கினார். சற்குணத்தின் மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எப்பிடிச் செய்தனீர்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார் சிவானந்தன்.

"ஈஸ்ட்ஹாமில எங்கட லோயர் ஒருத்தர் இருக்கிறார் அண்ணை. சட்டத்தில எங்களுக்கு உரிமை இருக்கு. இருக்கிற வருஷத்தோட தொண்ணூறு கூட்டித் தரத்தான் வேணும். மண்ணுக்காரருக்குக் கட்டுற தரை வாடகையும் இனி இல்லை." சற்குணம் கதிரையில் சாய்ந்தார். "ஜேர்மனியில இருந்து பழகினனான்தானே. ஒண்டையும் பிந்த விடமாட்டன்."

சிவானந்தனுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிறு நாக்கைப் பிடித்து ஆட்டியது.

"நானும் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறன்."

"இன்னுமோ?" சற்குணத்தின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"ஓம். ஒரு இருநூறு கிட்ட வரும்."

சற்குணம் கோப்பையைக் கீழே வைத்தார். நாகேஸ்வரியைப் பார்த்தார். நாகேஸ்வரி சுவரைப் பார்த்தாள். கோயிலில் சாப்பிட்ட சாம்பார் சிவானந்தனுக்கு அந்த நிமிடம்தான் செமித்தது.

சந்தோசம் படி ஏறி முடியும்வரை நின்றது. கதவைத் திறக்கும்போதே, இனி அந்த இருநூறை எங்கேயாவது தேடிப் பிடித்தாக வேண்டும் என்பது விளங்கிவிட்டது. இல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் முகம் காட்ட ஏலாது.

அதே லோயரிடம் போனால் சற்குணத்தின் காதுக்குப் போய்விடும். ஆகவே மண்ணுக்காரரின் அலுவலகத்துக்கு அவரே போன் எடுத்தார். ஒரு பெண் எடுத்தாள். சிவானந்தன் மிகவும் கெட்டிக்காரத்தனமாக, தனக்காக அல்ல, ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன் என்று தொடங்கினார். நண்பர் லீஸைக் கூட்ட யோசிக்கிறார். ஆனால் நண்பர் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரத்தரை போட்டிருக்கிறார். குசினிச் சுவரையும் கொஞ்சம் உடைத்திருக்கிறார். ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனால் ஏதும் பிரச்சினை வருமா?

அந்தப் பெண் மிகவும் தன்மையாக, நண்பரின் விலாசம் என்ன என்று கேட்டாள்.

சிவானந்தன் விலாசத்தைச் சொன்னார். யாராவது விலாசம் கேட்டால் சொல்லிவிடுவது அவருக்கு அகதி வழக்குக் காலத்திலிருந்து வந்த பழக்கம். போனை வைத்த பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. வீட்டைப் பார்க்க சர்வேயர் ஒருவர் வருகிறார்.

"தரையை மறைச்சுப்போட்டால் சரி" என்றார் சிவானந்தன்.

"உள்ளதைச் சொல்லி அனுமதி எடுக்கலாமே?" என்றாள் கனகாம்பிகை.

"உமக்கு உந்தச் சட்டம் ஒண்டும் விளங்காது."

கனகாம்பிகை சமைக்கக் குசினிக்குப் போய்விட்டாள். அவள் வாய் திறக்கக் கூடாதென்று ஏற்கெனவே உத்தரவு.

வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் மலிவாகக் கார்ப்பெட் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அது மெத்தையளவு தடிப்பு. சற்குணம் வேலைக்குப் போகிற நேரமாகப் பார்த்து இறக்கினார். அன்றைக்குச் சற்குணம் லீவு. படியில் அகப்பட்டுக்கொண்ட சுருளின் மற்றத் தலைப்பைப் பிடித்து மேலே ஏற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

"இருநூறு வருஷத்துக்குத் தாங்கக்கூடிய கார்ப்பெட் அண்ணை" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

விரித்த பிறகு ஒரு கதவும் அசையவில்லை. சிவானந்தன் வாள் எடுத்து ஒவ்வொரு கதவின் அடியையும் அரிந்தார். அளவு கொஞ்சம் பிசகிவிட்டது. கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாலும் வெளியில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவரின் கால் தெரிந்தது.

சர்வேயர் வந்தார். உயரமான, நல்ல மனுசன். சப்பாத்தோடு உள்ளே கால் வைக்கப் போனவரைக் கனகாம்பிகை சிரித்த முகத்தோடு மறித்தாள். சுவாமி அறை இருக்கிற வீடு. வைத்தியரானாலும் பொலிசானாலும் சப்பாத்தைக் கழற்றித்தான் வர வேண்டும். அவர் மன்னிப்புக் கேட்டுக் கழற்றினார்.

சப்பாத்தோடு நடந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சொக்ஸோடு நடந்தவர் விறாந்தையின் நடுவில் நின்றார். அந்த இடத்தில் மரப்பலகை ஒன்று எப்போதோ கிளம்பியிருந்தது. பெருவிரலால் அமத்திப் பார்த்தார். ஒரு மூலையில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்தபடியே கதவுகளின் அடியைப் பார்த்தார்.

கதவுகள் நெருப்புத் தடுக்கிற கதவுகள் என்பதும், அவற்றை அரியவே கூடாது என்பதும் சிவானந்தனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மரத்தரையைச் சர்வேயர் ஒரு வரியில் எழுதினார். கதவுகளுக்கு இரண்டு பக்கம் போனது.

தரையைக் கிளப்பச் சொல்லிக் கடிதம் வந்தது, கதவெல்லாம் புதிதாகப் போடச் சொல்லி, சுவருக்கு அனுமதி கேட்டு எழுதச் சொல்லி. சிவானந்தன் சுத்தியலோடு முழங்காலில் இருந்தார். அந்தத் தரை அவருடைய பெருமை. தேக்கு நிறம். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒவ்வொரு பலகையாகக் கிளப்பும்போது அவருக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும், கீழே ஒருவன் நூற்று அறுபத்திரண்டோடு காலை நீட்டிப் படுத்திருக்கிறான் என்ற நினைப்புத்தான் முன்னால் வந்தது.

மூன்றாம் பலகையில் கீழே ஏதோ விழுந்து உடைந்தது. சற்குணம் தலையில் சுண்ணாம்புத் தூளோடு மேலே வந்தார்.

"அண்ணை, எங்கட சீலிங் லைட் விழுந்திட்டுது."

"புதுசு வாங்கித் தாறன்."

சற்குணம் போகவில்லை. கிளப்பிய தரையையும் கதவில்லாத நிலைகளையும் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இருநூறு வேணுமெண்டால் இதெல்லாம் செய்ய வேணுமோ?"

"ஓம்" என்றார் சிவானந்தன். வேறு என்ன சொல்வது?

"எனக்கு அவங்கள் இதொண்டும் சொல்லேல்லையே" என்று சற்குணம் கவலையோடு இறங்கிப் போனார்.

அதோடு சிவானந்தனுக்குப் போதும் என்றாகிவிட்டது. மானம் போனாலும் பரவாயில்லை, அந்த ஈஸ்ட்ஹாம் லோயரிடமே போவது என்று முடிவு செய்தார். கனகாம்பிகையிடம் சொல்லவில்லை. பலகை கிளப்பியதில் கையில் ஒட்டிய பசையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினார்.

லோயர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். முன்மேசையில் அனோஜினி என்று பெயர்ப்பட்டி குத்திய ஒரு பிள்ளை இருந்தாள்.

"தங்கச்சி, எங்கட கீழ்வீட்டுச் சற்குணத்துக்கு லீஸ் கூட்டிக் குடுத்தது நீங்கள்தானே. அதே மாதிரி எனக்கும் வேணும். அதைவிட ஒரு வருஷமாவது கூட வேணும்."

"கூட ஏலாது அங்கிள். சட்டத்தில தொண்ணூறுதான்."

"இருநூறாக்க வழி இல்லையோ?"

"இல்லை அங்கிள்."

சிவானந்தன் கதிரையில் இருந்தார். தரை போனது, கதவு போனது, இருநூறும் போனது. சரி, சமமாகவாவது இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த மனம் அவ்வளவு தூரம் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப அந்த நூற்றி அறுபத்திரண்டையே போடுங்கோ. அவரிலும் குறையாமல் இருந்தால் காணும்."

"வீடு ஆற்ற பேரில?"

"என்ர வீடு."

"பேப்பரில ஆற்ற பேர் அங்கிள்?"

"மனிசியின்ர பேர். கனகாம்பிகை. அது சனியால வந்தது."

அனோஜினி விலாசத்தைக் கேட்டுத் தட்டினாள். கணினியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கணினியைப் பார்த்தாள். பின்னறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைக்கு மேலே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் இதைச் சொல்லக் கூடாது அங்கிள், ஆனா கனகாம்பிகை அன்ரி போன வருஷமே வந்து உங்கட வீட்டு லீஸுக்குத் தொண்ணூறு கூட்டிக்கொண்டு போனவ. மேல்வீட்டுக்காரருக்கு இருக்கு, தனக்கில்லையெண்டு நித்திரை கொள்ளாமல் திரிஞ்சுபோட்டுத்தான் உங்கட கீழ்வீட்டு அங்கிள் எங்களிட்ட ஓடி வந்தவர்."